மின்சாரக் காரின் டிக்கி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் ரேஞ்சைப் பற்றி, அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்கள், பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்பார்கள், சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். டிக்கியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. குலதெய்வம் கோயிலுக்கு ஐந்து பேரும் மூட்டை முடிச்சோடு கிளம்பும் அன்றுதான் அந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கும். உறவினர்களும் நண்பர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கார்களின் கொள்ளளவு எண்கள் எல்லாம் அந்தந்த நிறுவனங்கள் இந்தியாவில் அறிவித்தவை.

604 லிட்டர், 433 லிட்டர் என்கிறார்களே, டிக்கியை எப்படி அளக்கிறார்கள்?

தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை. 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை உள்ளே அடுக்குகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை அடங்குகிறதோ அத்தனை லிட்டர். ஜெர்மன் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரால் வி.டி.ஏ. முறை என்று வழங்கும் இது, ஐ.எஸ்.ஓ. 3832 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் பல அளவுப் பெட்டிகளை வைத்துப் பார்த்துக் கன அடியில் சொல்கிறார்கள். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர்.

கட்டை சிறியது. சக்கர வளைவை ஒட்டிய சந்து பொந்துகளிலும் அது நுழைந்துவிடும். உங்கள் சூட்கேஸ் நுழையாது. போதாக்குறைக்கு, ஒரு நிறுவனம் பார்சல் ட்ரே (டிக்கியை மேலே மூடும் பலகை) வரை அளந்து சொல்லும், இன்னொன்று கூரை வரை அளந்து சொல்லும், மூன்றாவது தரைப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளும். விளம்பரத்தில் எண் மட்டும் இருக்கும். எதுவரை அளந்தார்கள் என்பது இருக்காது. ஆகவே 20, 30 லிட்டர் வித்தியாசத்தை வைத்து இந்தக் கார் பெரியது, அந்தக் கார் சிறியது என்று முடிவுகட்டாதீர்கள். 200 லிட்டர் வித்தியாசம் என்றால் நம்பலாம்.

சரி, 350 லிட்டர் டிக்கியில் என்னதான் அடங்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் இருக்கும் பெரிய டிராலி சூட்கேஸ் சக்கரத்தோடு சேர்த்து 77, 52, 31 செ.மீ. இருந்தால், அது பிடிக்கும் இடம் 124 லிட்டர். நடுத்தரப் பெட்டி 67, 45, 28 என்றால் 84 லிட்டர். விமானத்தில் கையோடு எடுத்துச்செல்லும் அளவுள்ள இரண்டு சிறிய பெட்டிகள் 96 லிட்டர். கூட்டினால் 305 லிட்டர்கூட வரவில்லை. ஆனாலும் 350 லிட்டர் டிக்கியில் இந்த நான்கையும் வைத்து, ட்ரேயையும் பொருத்தி, கதவை அடைப்பது பெரும்பாடு. ஒரு சின்னப் பெட்டி பின்சீட்டில் யாருடைய காலடிக்காவது போகும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் இன்னும் நல்ல உதாரணம். வயிற்றுப்பகுதி 27 செ.மீ., உயரம் அரை மீட்டர். உள்ளே 20 லிட்டர். டிக்கியில் அது அடைக்கும் சதுர இடமோ 36 லிட்டர். உருண்டைப் பொருள்கள் எல்லாமே இப்படித்தான், பக்கத்தில் வெற்றிடத்தை விட்டுவைக்கும். அந்த வெற்றிடங்களை நிரப்பத் துணிப்பையைவிடச் சிறந்த பொருள் இல்லை. கடினமான பெட்டி இரண்டு, மிச்சமெல்லாம் துணிக்கடைக் கட்டைப்பை என்று பிரித்துக்கொண்டால் சின்ன டிக்கியிலும் நிறைய போகும்.

இன்ஜின் இல்லை, பெட்ரோல் டேங்க் இல்லை. மின்சாரக் காரின் டிக்கி பெரிதாகத்தானே இருக்கவேண்டும்?

அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் காராக வடிவமைத்து, பிறகு பேட்டரி வைத்ததா? ஆரம்பத்திலிருந்தே பேட்டரிக்கென்று வரைந்ததா?

முதல் வகைக்கு டாடா நெக்ஸான். பெட்ரோல் நெக்ஸானில் 382 லிட்டர், மின்சார நெக்ஸானில் 350, சி.என்.ஜி.யில் 321. ஒரே உடல், மூன்று டிக்கி. டாடா பஞ்ச்சில் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் 366 லிட்டர்தான், சி.என்.ஜி.யில் அது 210 ஆகிவிடுகிறது. ஹூண்டாய் கிரெட்டாவிலும் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே 433 லிட்டர். டேங்கும் சைலன்சரும் போன இடத்தைப் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் எடுத்துக்கொண்டன என்று பொருள்.

இரண்டாவது வகையில் கதை மாறுகிறது. மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ காரில் பின்னால் 663 லிட்டர், முன்னால் 150 லிட்டர். அதன் கூடப்பிறந்த பி.இ. 6 காரில் 455, 45. எம்.ஜி. விண்ட்ஸர் 604 லிட்டர். பெரிய பேட்டரியுள்ள அதன் ப்ரோ வகையில் 579.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது வரி. 2006 மத்திய பட்ஜெட்டிலிருந்து 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரி குறைவு. அந்தச் சலுகைக்காக நம் நிறுவனங்கள் காரின் வாலை வெட்டின; வெட்டுப்பட்டது டிக்கி. மின்சாரக் காருக்கு நீளம் எவ்வளவானாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஆகவே வெட்டவேண்டிய கட்டாயம் இல்லை. மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 300 நீளம் 3,995 மி.மீ., டிக்கி 260 லிட்டருக்கும் குறைவு. அதன் அடிப்படையில் வந்த எக்ஸ்.யு.வி. 400 மின்சாரக் காரின் நீளம் 4,200 மி.மீ., டிக்கி 378 லிட்டர். பேட்டரி செய்யாத வேலையை வரிவிதி செய்துவிட்டது.

பானெட்டுக்கு அடியில் உள்ள ஃப்ரங்க் (முன்பக்க டிக்கி) உண்மையில் பயன்படுமா, வெறும் விளம்பரமா?

அளவைப் பாருங்கள். டாடா கர்வ் மின்சாரக் காரில் 11.6 லிட்டர், பஞ்ச்சில் 14 லிட்டர், கிரெட்டாவில் 22 லிட்டர். இவற்றில் கேபிள், பஞ்சர் கிட், ஒரு துணி, டார்ச் வைக்கலாம். அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. ஹாரியர் மின்சாரக் காரில் பின்சக்கர இயக்கம் என்றால் 67 லிட்டர், நான்கு சக்கர இயக்கம் என்றால் 35 லிட்டர். முன்னால் ஒரு மோட்டார் வந்ததும் இடம் பாதியாகிவிட்டது. 9இ காரின் 150 லிட்டரில்தான் ஒரு நடுத்தரப் பெட்டி போகும்.

ஆனால் 11 லிட்டரும் வீணில்லை. எப்படி என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன், அதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது.

சார்ஜர் கேபிளை எங்கே வைப்பது?

டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும், அங்கே வையுங்கள் என்று விற்பனையாளர் காட்டுவார். சுருட்டி வைத்தால் அழகாக உட்காரும். வாரநாள்களில் ஒரு தொல்லையும் இல்லை.

குடும்பத்தோடு ஊருக்குப் போகிறீர்கள். பலகைக்கு மேல் அரிசி மூட்டை, அதன் மேல் சூட்கேஸ், அதன் மேல் கட்டைப்பைகள், உச்சியில் பூ வைத்த கூடை. இரவு தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்கிறீர்கள். அறைக்கு வெளியே 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. சார்ஜர் எங்கே? எல்லாவற்றுக்கும் அடியில். மழை பெய்தால் பெட்டிகளை நனையவிட்டு இறக்கவேண்டும். தங்குமிடத்திலாவது எப்படியும் இறக்கத்தான் போகிறோம். வழியில் கேபிள் இல்லாத ஏ.சி. (மாறுமின்னோட்ட) சார்ஜிங் நிலையத்தில் நின்றால் அதுவும் இல்லை: இறக்கு, எடு, ஏற்று, மறுபடி இறக்கு, வை, ஏற்று. வேக சார்ஜரில் கேபிள் நிலையத்தோடே இருக்கும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஒரு காரின் டிக்கியை எடைபோட நான் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்: எதை எடுக்க எதையெல்லாம் இறக்கவேண்டும்? கேபிள், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரு மூட்டையைக்கூட நகர்த்தாமல் எடுக்க முடிந்தால் அது நல்ல டிக்கி, 350 லிட்டரானாலும். முடியாவிட்டால் 600 லிட்டரிலும் அலைச்சல்தான். 11 லிட்டர் ஃப்ரங்க்கின் மதிப்பு இங்கேதான். கேபிளுக்குத் தனி வீடு கிடைத்துவிடுகிறது. ஃப்ரங்க் இல்லாத காரில், டிக்கி வாயை ஒட்டி ஓரமாக ஒரு பையில் கேபிளைப் போட்டு, அந்த மூலையில் வேறு எதையும் வைப்பதில்லை என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

சரிதான். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால், டியூப்லெஸ் டயர் உள்ள பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. பெரிய பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பதையும் அரசு ஒரு காரணமாகச் சொன்னது.

சட்டம் ஒன்று, சாலை ஒன்று. பஞ்சர் கிட் ஆணி குத்திய சிறு ஓட்டையை அடைக்கும். பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் படுக்கவைக்கிறார்கள். அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லிட்டர்களில் கணிசமான பங்கு போய்விடும். ஆகவே ஷோரூமில் தரைப்பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருந்தால் முழு அளவா, மெலிந்த தற்காலிகச் சக்கரமா, ஜாக்கி உண்டா என்று பாருங்கள்.

பின்சீட்டை மடித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்?

லிட்டர் கணக்கு இங்கே இன்னும் உதவாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சீட் 60:40 என்று பிரிந்து மடிகிறதா, மொத்தமாக மடிகிறதா. மொத்தமாக மடிந்தால் நீளமான பொருள் ஒன்றை ஏற்ற மூன்று பேரை இறக்கவேண்டும். இரண்டு, மடித்த சீட்டின் முதுகும் டிக்கித் தரையும் ஒரே மட்டமா. நடுவில் படி இருந்தால் குளிர்பதனப் பெட்டி போன்ற கனமான பொருளை உள்ளே தள்ள முடியாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். மூன்று, குழந்தை சீட் எந்தப் பக்கம் பொருத்துகிறீர்கள். 60 பங்கின் பக்கம் பொருத்திவிட்டால் மடிக்க மிஞ்சுவது 40 பங்கு மட்டுமே.

சாயும் பின்சீட் உள்ள கார்களில் ஒரு சூட்சுமம் உண்டு. விண்ட்ஸரின் பின்சீட் 135 டிகிரி வரை சாயும். சாயும் முதுகு எங்கே போகும்? டிக்கிக்குள். தாத்தா பாட்டி சாய்ந்து தூங்கவேண்டும் என்றால் டிக்கியில் சீட்டின் பின்னால் கெட்டியாக அடுக்காதீர்கள்.

அரிசி மூட்டை, தண்ணீர் கேன் தூக்கி வைக்கச் சிரமமாக இருக்கிறதே?

டிக்கி வாயின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. முதுகு மட்டும் சொல்லும். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல மின்சாரக் கார்கள் சற்றே உயர்ந்து நிற்கின்றன. விளிம்பு உயரமாகவும் தரை பள்ளமாகவும் இருந்தால் இரட்டை வேலை: விளிம்பைத் தாண்டத் தூக்கவேண்டும், பிறகு குனிந்து இறக்கவேண்டும். எடுக்கும்போது அதே கஷ்டம் தலைகீழாக.

கடையில் இப்போது 26 கிலோ மூட்டைகள்தான் அதிகம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, ஆலைகள் ஒரு கிலோ கூட்டி வரியிலிருந்து தப்பின. அந்த ஒரு கிலோவையும் சேர்த்துத் தூக்குவது நாம்தான். மூட்டையை முதலில் விளிம்பின்மேல் உட்காரவைத்து, பிறகு உள்ளே சரியவிடுங்கள். இரண்டு நிலைப் பலகை உள்ள காரில் மேல்நிலையில் போட்டால் விளிம்பும் தரையும் மட்டமாகிவிடும். அந்தப் பலகை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் பின்சீட்டின் முதுகை ஒட்டி, தரையோடு. இது அழகுக்காகச் சொல்வதல்ல. 50 கி.மீ. வேகத்தில் மோதி, காரின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே உள்ள எல்லாப் பொருளும் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 20 கிலோ கேன் 400 கிலோவாக வந்து இடிக்கும். அது பின்சீட்டை ஒட்டி இருந்தால் சீட் தாங்க வாய்ப்பு உண்டு. தொலைவிலிருந்து வேகமெடுத்து வந்தாலோ, ட்ரேக்கு மேலே இருந்து பறந்து வந்தாலோ வாய்ப்பு இல்லை.

பொருள்கள் டிக்கியில் அதிகமாக உருள்வதாகத் தோன்றுகிறதே, மின்சாரக் கார் என்பதாலா?

ஆமாம். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் தரும். சிக்னலில் பச்சை விழுந்ததும் கொஞ்சம் அழுத்தமாக மிதித்தால் தோசை மாவுத் தூக்கு டிக்கிக் கதவை நோக்கி நகரும். காலை எடுத்ததும் ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் முறை) பிடித்து அது முன்னே வரும். நாலு சிக்னல் தாண்டினால் மூடி திறந்துவிடும். சாமான் ஏற்றிய நாளில் ஈகோ மோடில் ஓட்டுங்கள், ரீஜெனை நடுத்தரத்தில் வையுங்கள். தூக்கு, குக்கர், எண்ணெய் டின் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நெருக்கமாக வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சுமை ஏற்றினால் ரேஞ்ச் எவ்வளவு குறையும்?

மக்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சமதளச் சாலையில் கூடுதலாக 100 கிலோ ஏற்றினால் 100 கி.மீ.க்குக் கால் யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். குடும்பக் கார் அந்தத் தூரத்துக்கு 15 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், 2 சதவீதத்துக்குள். 110 கி.மீ. வேகத்தில் போவது இதைவிட அதிகம் தின்னும்.

மலையில் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆள்களும் சாமானும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 10 யூனிட்டுக்குமேல் வேண்டும். அதில் உங்கள் 100 கிலோ சாமானின் பங்கு அரை யூனிட். இழப்புகளைச் சேர்த்தால் முக்கால் யூனிட். 45 யூனிட் பேட்டரியில் அது பெரிய விஷயம் இல்லை. காரே கனமானது, அதுதான் செலவு.

இறங்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. ஊட்டியில் இரவு முழுக்கச் செருகிவைத்து 100 சதவீதம் ஏற்றிவிட்டு, முழுச் சுமையோடு மலை இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென் பிரேக் சரியாகப் பிடிக்காது; மொத்த வேலையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும், அது சூடேறும். 80 சதவீதத்தோடு கிளம்புங்கள். இறங்கும் வழியில் கொஞ்சம் தானாகவே ஏறிவிடும்.

அப்படியானால் மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாமா?

எடையைவிடக் காற்றுதான் மின்சாரக் காரின் எதிரி. நெடுஞ்சாலை வேகத்தில் பேட்டரியின் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது, வேகம் கூடக்கூட அந்தச் செலவு இன்னும் வேகமாகக் கூடும். மேலே மூட்டை கட்டினால் அந்தக் கணக்கு முழுதும் கெடும். தவிர, நம் ஊரில் விற்கும் பல கார்களின் கூரைக் கம்பிகள் அலங்காரத்துக்கு ஒட்டியவை, எடை தாங்கா. கையேட்டில் கூரைச்சுமை என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

எத்தனை கிலோ வரை ஏற்றலாம்?

காரின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெறுங்காரின் எடையைக் கழித்தால் வருவதே உங்கள் பங்கு. அதில் ஓட்டுநரும் அடக்கம். 400 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பெரியவர்கள், ஆளுக்கு 65 கிலோ என்றால் 325. மிச்சம் 75 கிலோ. மூன்று அரிசி மூட்டை வைத்தாலே தாண்டிவிட்டது. பேட்டரியே பல நூறு கிலோ இருப்பதால் டயரும் சஸ்பென்ஷனும் ஏற்கெனவே சுமக்கின்றன. இடம் இருக்கிறதே என்று டிக்கியைச் சிமென்ட் மூட்டையால் நிரப்பக்கூடாது. முழுச் சுமையோடு போகும் நாளில் டயருக்குக் காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; வெறுங்காருக்கான எண் வேறு, நிறைகாருக்கான எண் வேறு.

ஏழு சீட் மின்சாரக் கார் வாங்கினால் எல்லாப் பிரச்சினையும் தீருமா?

ஏழு பேர் போகலாம், அல்லது ஐந்து பேரும் சாமானும் போகலாம். மூன்றாம் வரிசை நிமிர்ந்து நிற்கும்போது அதற்குப் பின்னால் கைப்பைகளுக்கும் செருப்புப் பைக்கும்தான் இடம்.

அம்மாவின் சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் போகவேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டையும் ஷோரூமுக்கே எடுத்துப்போங்கள். மடித்த சக்கர நாற்காலி சுமார் 30 செ.மீ. தடிமன்தான், ஆனால் நீளமும் உயரமும் கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு வரும். படுக்கவைத்தால் சக்கர வளைவுகளுக்கு இடையே அகப்பட்டுக்கொள்ளும். நிற்கவைத்தால் ட்ரே மூடாது. இரும்புச் சட்டம் கொண்டது 15 முதல் 20 கிலோ வரை இருக்கும், அதைத் தூக்குகிறவர் யார் என்பதும் கேள்வி. கால்தாங்கியைக் கழற்றிப் பின்சீட்டின் காலடியில் வைத்தால் பல கார்களில் நாற்காலி அடங்கிவிடும். மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த கார்களில் பின்னால் தரை நடுமேடு இல்லாமல் சமமாக இருப்பது இதற்கு வசதி. தள்ளுவண்டிக்குக் குடைபோல் மடியும் மெல்லிய வகையை வாங்கினால் ஒரு காரின் விலையில் மிச்சம் பிடிக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் திறக்கும் டிக்கிக் கதவு தேவையா?

இரண்டு கையிலும் பை இருக்கும்போது அருமை. அடுக்ககத்தின் அடித்தள பார்க்கிங்கில் உத்தரமும் குழாயும் தாழ்வாக இருந்தால் ஆபத்து. திறக்கும் உயரத்தைக் குறைத்துப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, அன்றே பதிவுசெய்யுங்கள். இன்னொன்று: இந்தக் கதவை இயக்குவது பெரிய பேட்டரி அல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோனால் டிக்கி திறக்காது. உள்ளேயிருந்து கையால் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று வாங்கும் அன்றே காட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் உங்கள் ஜம்ப் கேபிள் டிக்கிக்குள் இருந்தால் வேடிக்கைதான்.

சார்ஜிங் துளை எங்கே இருந்தால் சாமான் ஏற்ற வசதி?

நல்ல கேள்வி, பெரும்பாலோர் யோசிக்காதது. மின்சார கிரெட்டாவில் துளை மூக்கில் இருக்கிறது. சார்ஜரை நோக்கி முன்புறமாக நிறுத்துவோம், டிக்கி சாலைப் பக்கம் திறந்திருக்கும். நெக்ஸானில் துளை பின்பக்க ஓரத்தில். பின்னால் எடுத்து நிறுத்துவோம், டிக்கி சுவரைப் பார்க்கும். சார்ஜ் ஏறும் நேரத்தில் பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்கவேண்டும் என்றால் கதவு மேலே எழ இடம் இருக்காது. வீட்டு பார்க்கிங்கிலும் இதே கதை. பின்துளைக் கார் வைத்திருப்பவர்கள் சுவரிலிருந்து ஒரு மீட்டர் விட்டு நிறுத்தப் பழகவேண்டும்.

டிக்கியிலும் ஃப்ரங்க்கிலும் சாப்பாடு வைக்கலாமா?

டிக்கியில் வைக்கலாம். ஹாட்ச்பேக், எஸ்.யு.வி. வகைகளில் டிக்கியும் இருக்கைப் பகுதியும் ஒரே அறை, ட்ரேயைக் கழற்றினால் ஏ.சி. காற்று கொஞ்சமாவது போகும். செடான் வகையில் போகாது. ஃப்ரங்க்கில் இன்ஜின் சூடு இல்லை என்றாலும், முன்னாலேயே ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் இருக்கின்றன, பானெட் தகடு நேராக வெயிலில் காய்கிறது. மே மாதம் மல்லிகைப் பூவை அதில் வைத்தால் மாலைக்குள் வெந்துவிடும். நாய்க்குட்டி, கோழி எதையும் அதில் அடைக்காதீர்கள். மீன் வாங்கிவரச் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். வாடை உள்ளே வராது, கழுவித் துடைக்கலாம். அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் மட்டும்.

சமையல் எரிவாயு சிலிண்டர்?

ஏற்றாதீர்கள். அதைப் படுக்கவைக்கக்கூடாது, நிற்கவைக்கப் பல டிக்கிகளில் உயரம் போதாது. கசிந்தால் காற்றைவிடக் கனமான அந்த வாயு மூடிய காரின் தரையோடு தேங்கும்.

ஷோரூமில் என்ன செய்து பார்க்கவேண்டும்?

டேப் ஒன்றும் பெரிய சூட்கேஸ் ஒன்றும் கொண்டுபோங்கள். சக்கர வளைவுகளுக்கு இடையே அகலம், சீட் முதுகிலிருந்து கதவு வரை ஆழம், தரையிலிருந்து ட்ரே வரை உயரம், வெளித்தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உயரம். இந்த நான்கும் லிட்டர் எண்ணைவிட அதிகம் பேசும். பின்பக்கக் கண்ணாடி சாய்வாக இறங்கும் கூப்பே வடிவக் கார்களில் கதவை மூடியும் பாருங்கள். திறந்திருக்கும்போது அடங்கிய பெட்டி, மூடும்போது கண்ணாடியில் இடிக்கும். முன்சீட்டை உங்கள் வீட்டில் உயரமானவருக்கு ஏற்பத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு பின்சீட்டை மடித்துப் பாருங்கள். தரைப்பலகையைத் தூக்குங்கள். கேபிளை எடுத்து, சுருட்டி, திரும்ப வையுங்கள். புதிதாகச் சுருட்டிய கேபிள் உறைக்குள் போகிறதா என்பது பெரிய பரீட்சை. விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டிக்கிக்கு என்ன துணைப்பொருள் வாங்கலாம்?

ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு ஒன்று, அரிசி சிந்தினாலும் எண்ணெய் கொட்டினாலும் வெளியே எடுத்துக் கழுவலாம். கொக்கியில் மாட்டும் வலை ஒன்று. மடித்து வைக்கக்கூடிய துணிப்பெட்டி ஒன்று. கடைக்காரர் காட்டும் மிச்சமெல்லாம் டிக்கியில் இடத்தை அடைக்கத்தான் உதவும்.